என் நாக்குக்குத் தெரியாத கசப்பு

நான் பிழைத்துக்கொண்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்பில் கட்டி வந்தவள் எழுதியதைப் படிக்கிறவர்கள் கடைசிப் பக்கம்வரை அந்த ஒரு செய்தியைத்தான் தேடுவார்கள். நானும் அப்படித் தேடிப் படித்தவள்தான். ஆனால் நான் சொல்ல வந்தது கட்டியைப் பற்றி அல்ல. சிகிச்சையின் நடுவில் என் கல்லீரல் கெட்டுப்போனது. எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோருடைய சந்தேகமும் என்மேல் வந்து நின்றது. அந்த வாரங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சந்தேகம் என்மேல் வந்ததற்குக் காரணம் என் தொழில். காரைக்கால் தலத்தெருவில் எங்கள் வீட்டு மாடியில் மூலிகைகளிலிருந்து எண்ணெயும் வாசனை நீரும் எடுத்து விற்றுவந்தேன். அவ்வப்போது பெண்களுக்கு வகுப்பும் நடத்தினேன். பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. கரிசலாங்கண்ணியைச் சருகாகும்வரை நிழலில் காயவைத்து, நல்லெண்ணெயில் போட்டு, கண்ணாடி பாட்டிலை வெயிலில் வைப்பேன். இலையில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் இல்லாத நாளில் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் எண்ணெய்ப் பாத்திரத்தை இறக்கிவைத்தால் தீ நேரடியாகப் படாமல் சூடாகும். வெட்டிவேருக்குச் சூடே வேண்டாம், பச்சைத்தண்ணீரில் இரவு முழுக்க ஊறினால் போதும். ஓமவல்லியை இட்லிப் பானையில் வேகவைத்து, மூடியைத் தலைகீழாகப் போட்டு, அதன் குழிவில் ஐஸ் கட்டியை வைப்பேன். ஆவி குளிர்ந்து நடுவில் வைத்த கிண்ணத்தில் சொட்டும். ஐஸுக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. என் கணவர் குமரவேல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை வேலை பார்க்கிறார்.

"கொதிக்கவிட்டா பாதி சத்து ஆவியா போயிடும். மெதுவா எடுங்க" என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன். கூவைக்கிழங்கை இடித்து, தண்ணீரில் கரைத்து, அடியில் படியும் வெள்ளை மாவைக் கழுவிக் காயவைக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற மாவு.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை ஒரு மாதம் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். மார்பைத் தட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே அழுத்திப் படம் எடுத்தார்கள். ஊசியால் கட்டியிலிருந்து நூல்போலச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்குவது, பிறகு அறுவை சிகிச்சை செய்வது என்று முடிவானது. கீமோ என்பது நரம்பில் ஏற்றும் மருந்து. வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் அது கொல்லும். நோயின் செல் எது, முடியின் செல் எது, நாக்கின் செல் எது என்று அதற்குத் தெரியாது.

எங்கள் டாக்டரம்மா அதிகம் சிரிக்காதவர். முதல் நாளே என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னார்:

"முடியிற வரைக்கும் எந்த மூலிகையும் வேண்டாம்மா. நாங்க குடுக்குற மருந்த ஒடைச்சு வெளிய அனுப்புறது உங்க கல்லீரல்தான். அது தலையில இன்னொரு சுமைய ஏத்தக் கூடாது. டீயில இஞ்சி தட்டிப் போட்டுக்கலாம், ரசம் வெச்சுக்கலாம். அவ்வளவுதான்."

நான் அதை அப்படியே கேட்டுக்கொண்டேன். மூலிகையைத் தொழிலாக வைத்திருப்பவளுக்கு அதன் வலு தெரியும். வீட்டுக்கு வந்ததும் மாடி அறையைப் பூட்டிச் சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

முதல் கீமோவுக்குப் பிறகு முடி போனது. இரண்டாவதுக்குப் பிறகு நாக்கு போனது. எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவதுபோல இருந்தது. தண்ணீர்கூடக் கசந்தது. என்னால் நிற்க முடியாத அந்த நாட்களில்தான் கணவரின் அக்கா தமயந்தி கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். மீன் விற்றுப் பழகிய கணீர்க் குரல். எனக்காக அந்தக் குரலைத் தணித்துக்கொண்டார். மீன் வாடை எனக்கு ஆகவில்லை என்று வீட்டில் மீன் சமைப்பதையே நிறுத்தினார். கடற்கரைக்காரர் மீன் இல்லாமல் சாப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சோறு இறங்காத நேரத்தில், காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிரைக் கடைந்து மோராக்கிக் கொண்டுவருவார்.

"ஒரு மொடக்கு, வசந்தி. ஒரே மொடக்கு."

குடிப்பேன். அவர் முகத்துக்காகக் குடிப்பேன்.

மூன்றாவது கீமோவுக்குப் போன அன்று ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். எஸ்ஜிபிடி என்றொரு எண் உயர்ந்திருந்தது. கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு பொருள் அது. செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். எண் ஏறியிருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள்.

"வீட்டுல ஏதாவது கஷாயம், லேகியம், பொடி?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்."

"நீங்க இதே தொழில் பண்றவங்க. அதனால ரெண்டாவது தடவ கேக்குறேன்."

"சத்தியமா இல்லீங்க."

கீமோவே சில சமயம் இப்படிச் செய்யும் என்றும், ஒரு வாரம் தள்ளிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். ஒரு வாரத்தில் எண் இன்னும் ஏறியது. மறுபடி தள்ளினார்கள். அடுத்த முறை புதுச்சேரி போகும் பேருந்தில், சீர்காழி தாண்டி வெயில் ஜன்னல் வழியாக என் முகத்தில் அடித்தபோது, கணவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கண்ண நல்லாத் தொற."

என் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. அன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

அந்த வார்டில் எனக்கு அடுத்த கட்டிலில் காரைக்கால் டவுனைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். அவருக்குத் துணையாக மூத்த சகோதரி ஜெய்னம்பு இருந்தார். தங்கை லாத்தா என்று கூப்பிட்டதால் நாங்களும் அவரை லாத்தா என்றே கூப்பிட்டோம். எங்கள் ஊர்க்காரர் என்ற ஒன்றே அந்த இடத்தில் சொந்தம்போல இருந்தது. எங்களோடு வந்திருந்த தமயந்தி அக்கா தம்பியோடு ஊருக்குப் போய்த் துணிமணி எடுத்துவரப் புறப்பட்டார். அவர்கள் திரும்பும்வரை நான் மருத்துவமனைச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். ஜெய்னம்பு லாத்தாதான் ஊட்டிவிட்டார்.

சோதனைமேல் சோதனை நடந்தது. மஞ்சள் காமாலை வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் ரத்தம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று வயிற்றில் பசை தடவி ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இல்லை. கடைசியில் டாக்டரம்மா எனக்குப் பயமாயிருந்த அந்தச் சொல்லைச் சொன்னார்.

"பரவியிருக்கான்னு பாத்துடணும். கல்லீரலுக்குப் போயிருந்தா இப்படி வரலாம்."

ஸ்கேனுக்கு வெளியே காத்திருக்கும் அறையில் நீல நாற்காலிகள். எல்லோரும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பரவியிருந்தால் அறுவை சிகிச்சையும் இல்லை, குணமும் இல்லை, தள்ளிப்போடுவது மட்டுமே மிச்சம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. டாக்டரம்மா சொல்லாமல் விட்டதிலிருந்தே எனக்குப் புரிந்தது. முந்தின நாள்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்த கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பில்களை மடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். என் கண்ணில் படவிடமாட்டார். அந்தப் பழக்கத்துக்காக அவரை நான் மனதுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கேட்டார்:

"என்கிட்டயாவது நெசத்தச் சொல்லு வசந்தி."

"எத?"

"எதையாவது சாப்பிட்டியா? திட்டமாட்டேன். கட்டி சீக்கிரம் கரையணும்னு நீயா ஏதாவது எடுத்துருந்தா சொல்லிடு. பரவலைன்னாவது நிம்மதியா இருப்பேன்."

அவர் வேண்டியது எனக்குப் புரிந்தது. நான் எதையோ சாப்பிட்டுவிட்டு இல்லையென்று பொய் சொல்லியிருந்தால், நோய் பரவவில்லை என்று ஆகும். என் பொய்யைத்தான் அவர் நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டிருந்தார். இருந்தும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சாவி உங்ககிட்டத்தானே இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

ஸ்கேன் முடிவு சாயங்காலம் வந்தது. கல்லீரலில் கட்டி இல்லை, பரவவில்லை. ஜெய்னம்பு லாத்தா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஓதினார். நான் அழுதுகொண்டிருந்தபோது கணவர் ஒரு துணிப்பையோடு டாக்டரம்மா அறைக்குள் போவதைக் கண்டேன். சற்று நேரத்தில் என்னையும் சக்கர நாற்காலியில் கூட்டிவரச் சொன்னார்கள்.

டாக்டரம்மாவின் மேசைமேல் என் மாடி அறை இருந்தது. வெட்டிவேர் நீர், ஓமவல்லி நீர், கரிசலாங்கண்ணி எண்ணெய், நொச்சி எண்ணெய், என் கையெழுத்தில் பெயர் ஒட்டிய எல்லா பாட்டிலும் வரிசையாக நின்றன. கணவர் ஊருக்குப் போனது துணிமணிக்காக மட்டும் அல்ல. தமயந்தி அக்கா கதவோரம் நின்றிருந்தார்.

"இதுல எது, எவ்வளவு?" என்று டாக்டரம்மா கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"டாக்டர், இதெல்லாம் மேலுக்குப் பூசுறது. ஒண்ணுகூடக் குடிக்கிறது இல்ல. மூடி எல்லாம் எடத்துல இருக்கு பாருங்க. நான் எதுவும் சாப்பிடல."

"பரவல, வைரஸ் இல்ல, கல் இல்ல. கீமோன்னு சொன்னா நிறுத்தி இவ்வளவு நாளாச்சு, கொறையணும். மீதி என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இவராவது சொல்வாரே, என் கூடவே இருந்தவர் ஆயிற்றே என்று பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவரும் நம்பவில்லை என்று நினைத்தேன்.

நோயாளிக்கு வலியைத் தாங்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஊசியைத் தாங்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்வதை யாரும் நம்பாத நிலையைத் தாங்க யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்த நாட்களில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. கீமோவில் நினைவு மங்கும் என்பார்களே, நான் எதையாவது குடித்துவிட்டு மறந்துவிட்டேனா என்றுகூடப் படுத்தபடி யோசித்தேன்.

இதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. மருத்துவமனையில் சேர்த்த முதல் சில நாட்களில் எண் கொஞ்சம் இறங்கியது. பிறகு மறுபடி ஏறியது. டாக்டரம்மா கல்லீரலிலிருந்தே ஊசியால் சதை எடுத்துப் பார்க்க முடிவு செய்தார். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி போகும். ரத்தம் உறையும் தன்மை எனக்குக் குறைந்திருந்ததால் உள்ளே ரத்தம் கசியும் அபாயம் உண்டு என்று சொல்லி, கணவரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

மருத்துவமனைக்கு எதிர்த் தெருவில் சமையல் வசதியோடு ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். கணவர் வேலைக்காக ஊருக்குப் போய்ப் போய் வந்தார். அக்கா அங்கேயே தங்கிச் சமைத்துக் கொண்டுவந்தார். ஊசி போட இருந்த நாளுக்கு முந்தின நாள் காலையிலும் எவர்சில்வர் தூக்கில் மோர் வந்தது. ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு அக்கா மருந்து வாங்கவும் மத்தியானச் சமையலுக்கும் போனார். இரண்டு மடக்கு குடித்திருப்பேன், ஸ்கேன் எடுக்க என்னைக் கூட்டிப்போய்விட்டார்கள். வரிசை நீளம். திரும்பி வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. டம்ளர் அப்படியே இருந்தது.

மோர் தெளிந்திருந்தது. அதில் ஒன்றும் ஆச்சரியம் இல்லை, வைத்தால் தெளியத்தான் செய்யும். ஆனால் மேலே நின்ற தெளிவு லேசான தவிட்டு நிறத்தில் இருந்தது. குடித்துவிடலாம் என்று டம்ளரைச் சாய்த்தேன். அடியில் ஒரு வெள்ளைப் படிவம் சாயாமல் அப்படியே நின்றது.

தயிரின் வண்டல் பஞ்சுபோல இருக்கும், சாய்த்தால் ஓடிவரும். இது ஓடவில்லை. இடித்த கிழங்கிலிருந்து எடுக்கும் மாவுதான் அப்படி அடியில் கட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். எத்தனையோ தடவை அப்படிச் சாய்த்துப் பார்த்துத்தான் நான் மேல்தண்ணீரை வடித்திருக்கிறேன். மோரில் மாவு எங்கிருந்து வரும்?

நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஆணிதான். எல்லாவற்றையும்போல அதுவும் ஆணிதான்.

"லாத்தா, ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்களேன். முழுங்க வேண்டாம், துப்பிடுங்க."

ஜெய்னம்பு லாத்தா கரண்டி நுனியால் தொட்டு வைத்தார். முகம் சுருங்கியது.

"கசக்குதே புள்ள."

"மோர் புளிச்சுப் போச்சா?"

"புளிப்பு வேற, கசப்பு வேற எனக்குத் தெரியாதா? கசக்குது. துப்புன பொறவும் நாக்குலயே நிக்குது. இதையா தெனம் குடிக்கிற?"

துப்பினாலும் நிற்கிற கசப்பு. கூடவே வெள்ளை மாவு. இரண்டும் ஒரே கொடியில் இருக்கும். கிளிஞ்சல்மேட்டில் அக்கா வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தைச் சுற்றி ஏறியிருந்த சீந்தில் கொடி கண்ணில் வந்து நின்றது.

அக்கா மருந்தும் சாப்பாடுமாக வந்தார். நான் டம்ளரை நீட்டினேன்.

"அக்கா, இதுல என்ன போட்டீங்க?"

அவர் டம்ளரைப் பார்த்தார். பொய் சொல்லப் பார்க்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"சீந்தில்."

"எப்பலேந்து?"

"ரெண்டாவது ஊசி போட்டு நீ சுருண்டு கெடந்தியே, அப்பலேந்து. ஒடம்புல எதிர்ப்பு சக்தி வரும்னு எல்லாரும் சொல்றாங்க. நீ சொல்லிக்குடுத்த மாதிரியேதான் எடுத்தேன் வசந்தி. தோலச் சீவி, இடிச்சு, ராத்திரி பச்சத்தண்ணில ஊறப்போட்டு, மாவு படிஞ்சதும் வடிச்சு, நெழல்ல காயவெச்சு. தீயே காட்டல."

"மாவு இவ்வளவு கசக்காதேக்கா. கழுவக் கழுவக் கசப்பு போயிடும்."

"வடிச்ச தண்ணியக் கீழ ஊத்த மனசு வரல. சத்து பூரா அதுல போயிடுமேன்னு, நீ பண்ணுவியே, பாத்திரத்துக்குள்ள பாத்திரம் வெச்சு, அப்புடி மெதுவா வத்தவெச்சேன். பாகு மாதிரி வந்துச்சு. அத மாவோட கலந்து, காயவெச்சு, பொடிச்சு வெச்சுக்கிட்டேன்."

ஒரு கொடியின் கசப்பு முழுவதையும் ஒரு கரண்டிக்குள் அடக்கியிருந்தார். என் முறையில் ஒரு பிழையும் இல்லாமல் அடக்கியிருந்தார்.

"கண்ணு மஞ்சளானப்பவாவது நிறுத்தியிருக்கலாமேக்கா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "மஞ்சளானதுனாலதான் ரெண்டு மடங்கு போட்டேன். காமாலைக்கு நல்லதுன்னாங்க. நீ வேற எதையோ சாப்பிட்டு ஒடம்பக் கெடுத்துக்கிட்டன்னு தம்பி சொன்னான். நானும் அப்புடித்தான் நெனச்சேன். இதுதான் ஒன்னக் காப்பாத்திக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன்."

"டாக்டர் மேசையில என் பாட்டிலையெல்லாம் வெச்சுக் கேட்டாங்களே. அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"அப்ப பயம் வந்துடுச்சு. ஒருவேள நம்மளாலயோன்னு. அன்னிக்கு ராவெல்லாம் யோசிச்சேன், இவ்வளவு மெதுவா எடுத்தது எப்புடி ஆளக் கெடுக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

ஜெய்னம்பு லாத்தா எழுந்து எங்களைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டார். நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: "டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க."

அவர் சொன்னார். மீன் ஏலத்தில் நூறு பேர் நடுவே விலை சொல்லும் அந்தப் பெண் டாக்டரம்மா முன்னால் குரல் எழும்பாமல் நின்று சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை. எப்போது தொடங்கியது, எவ்வளவு, எந்தக் கொடி, எப்படி எடுத்தது என்று கேட்டார். மிச்சம் இருந்த பொடியைக் கொண்டுவரச் சொன்னார். அக்கா ஊருக்குப் போயிருந்த அந்தச் சில நாட்களில்தான் எண் இறங்கியிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

"சீந்தில் சில பேருக்குக் கல்லீரல கெடுக்குறத நாங்க பாத்துருக்கோம். ஒடம்போட எதிர்ப்பு சக்திய அது தூண்டிவிடும், அதுவே திரும்பி நம்ம கல்லீரலையே தாக்கும். இவங்க ஏற்கெனவே கீமோல இருக்காங்க. ஆனா இதுதான் காரணம்னு நூத்துக்கு நூறு இப்ப சொல்லமாட்டேன். நிறுத்துவோம். ஊசியத் தள்ளி வெப்போம். எறங்குதான்னு பாப்போம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் உங்கள நம்பியிருக்கணும்" என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

கணவருக்கு அன்றைக்கே விஷயம் போனது. ஓடிவந்தார். வராண்டாவில் அக்காவும் தம்பியும் நிற்பது என் கட்டிலிலிருந்து தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. "ஊருக்குப் போக்கா. இனிமே சமைக்க வேண்டாம்" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. தன்னை வளர்த்தவரிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் கூப்பிடவில்லை.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கணவர் மாடிச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்றார். நான் கையை மட்டும் இழுத்துக்கொள்ளாமல் இருந்தேன்.

அதன் பிறகுதான் உண்மையான காத்திருப்பு தொடங்கியது. கல்லீரல் தேறும்வரை கீமோ கிடையாது. கீமோ இல்லாத ஒவ்வொரு நாளும் கட்டிக்குக் கிடைத்த நாள். விரல் தானாக மார்புக்குப் போகும். நேற்றைவிடப் பெரிதா, அதே அளவா? நர்ஸ் ஒருநாள் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டு, "சும்மா அமுக்கிக்கிட்டே இருந்தா வீங்கத்தான் செய்யும்மா. கைக்கு வேற வேல குடுங்க" என்று கம்பளி நூலும் பின்னல் ஊசியும் கொண்டுவந்து தந்தார். லாத்தாவின் தங்கைக்கு ஒரு தொப்பி பின்னினேன். கோணலாக வந்தது. அதைத்தான் அவர் எப்போதும் போட்டுக்கொண்டார்.

எண் இறங்கியது. முதலில் நம்ப முடியாத அளவு கொஞ்சமாக, பிறகு தெளிவாக. கண்ணின் மஞ்சள் வெளிறியது. ஒருநாள் காலை டாக்டரம்மா வந்து, கட்டியை விரலால் அளந்து, படத்தோடு ஒப்பிட்டு, "வளரல" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அத்தனை நாளும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அது வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. மருந்தை மாற்றி, அளவைக் குறைத்துக் கீமோவை மறுபடி தொடங்கினார்கள். பிறகு அறுவை சிகிச்சையும் ஆனது. இடது மார்பு போனது, நோயும் போனது என்று சொல்லியிருக்கிறார்கள். சோதனைக்கு இன்றும் போய்வருகிறேன்.

அறுவை சிகிச்சை நடந்த அன்று அக்கா கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்து, மருத்துவமனை மாடி ஏறாமல், கீழே பிள்ளையார் கோயில் வாசலிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். ஜெய்னம்பு லாத்தாதான் பார்த்துவிட்டு வந்து சொன்னார். லாத்தாவும் அவருமாக அங்கேயே டீ குடித்தார்களாம். எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை. மோரில் கலந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அந்த மேசைக்கு முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

மாதங்கள் போயின. முடி சுருட்டையாக முளைத்தது. நாக்கு திரும்பியது. முதலில் திரும்பியது உப்புதான். மாடி அறையைத் திறந்து தூசி தட்டினேன். வகுப்பு எப்போது என்று பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு படியில் இன்னொரு காலடி கேட்டது. தமயந்தி அக்கா வந்து, யாரையும் பார்க்காமல், கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. நான் கூப்பிடவில்லை.

அன்று பாட்டில்களைத் தொடும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். மெதுவாக எடுப்பதால் மூலிகையின் வலு குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. வேறு சிகிச்சையில் இருப்பவர்களுக்கு டாக்டருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்திருந்தால் ஒளிக்கக் கூடாது. அக்கா உட்கார்ந்திருந்ததால் பெயரை விட்டுவிட்டுத் தொடங்கினேன்.

"ஒரு வீட்டுல என்ன ஆச்சுன்னா..."

"ஒரு வீட்டுல இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள். அக்கா எழுந்து நின்றிருந்தார். குரல் பழைய கணீர்க் குரலாக இல்லை, ஆனால் கேட்டது.

"நான்தான். இவளுக்கு மோர்ல சீந்திலக் கலந்து குடுத்தது நான்தான். கல்லீரலு கெட்டுப்போச்சு. எல்லாரும் இவளத் திருடியக் கேக்குற மாதிரி கேட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னேன். வாயத் தொறக்கல."

முன் வரிசையில் ஒரு பெண் தயங்கிக் கேட்டாள்: "நல்லதுக்குத்தானேக்கா குடுத்தீங்க?"

"நல்லதுக்குத்தான். அவகிட்டச் சொல்லியிருந்தா வேண்டாம்னுருப்பா. அது தெரிஞ்சுதான் சொல்லாம குடுத்தேன்."

சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. வெளியே போவதா, நிற்பதா என்று தெரியாதவர்போல, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் பெண்களுக்கு நடுவே நடந்து போய் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்து, பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"எவ்வளவு கலந்தீங்கன்னு சொல்லுங்கக்கா" என்றேன். "எப்படி எடுத்தீங்க, எப்பலேந்து குடுத்தீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க. இவங்க தெரிஞ்சுக்கட்டும்."

அவர் சொல்லத் தொடங்கினார். அன்றைக்கு வகுப்பை நடத்தியது அவர்தான்.